குத்தகைக்காரர் கிடைக்காத குத்தகை ஆராய்ச்சி

பொருளாதார ஆராய்ச்சி என்றால் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போடுவது என்று நம் வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்வித்தாளும் தண்ணீர் பாட்டிலுமாக நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வெந்துகொண்டிருக்கும் என் இனத்தவரே, நமக்கல்லவா தெரியும் அந்தப் பாடு!

என் பிஎச்.டி. தலைப்பு, டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை. அதாவது பத்திரம், பதிவு எதுவும் இல்லாமல், வெறும் வாய்ப்பேச்சில் அடுத்தவர் நிலத்தை எடுத்துப் பயிர் வைப்பது. இங்கே ஊருக்கு ஊர் நடப்பதுதான். குத்தகைக்காரர் வாயைத் திறந்து "ஆமாம்" என்று சொன்னால் எனக்குப் பட்டம். சொல்லாவிட்டால், "பேங்க் பரீட்சைக்குப் படின்னு அப்பவே சொன்னேனே" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார்.

சொந்த சாகுபடி

நீடாமங்கலம் பக்கம், முழங்கால் சேற்றோடு வரப்பில் ஏறிய ஒருவரைப் பிடித்தேன். "குத்தகைங்களா?" என்றேன். "சேச்சே, சும்மா பாத்துக்குறேங்க" என்றார். விதை அவருடையது, உரம் அவருடையது, முதுகுவலியும் அவருடையது. ஆனால் சும்மாதான் பார்த்துக்கொள்கிறாராம்!

சரி, நிலத்துக்காரரையே கேட்போம் என்று தஞ்சாவூரில் அவர் வீட்டுக்குப் போனேன். தங்கமான மனிதர், காபி கொடுத்து உட்காரவைத்தார். "குத்தகையா? நானே நேரடியா சாகுபடி பண்றேம்மா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ரொம்ப சந்தோஷம். இப்போது வயலில் என்ன ரக நெல் நிற்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நிமிஷம் இரும்மா, வயல்ல இருக்கறவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

தலைப்பா, ஊரா

இவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. குத்தகையைப் பதிந்துவிட்டால் குத்தகைக்காரரைச் சுலபத்தில் வெளியேற்ற முடியாது. அதனால் நிலத்துக்காரருக்குப் பதியப் பயம். பதிவு என்று பேச்செடுத்தாலே நிலத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்று குத்தகைக்காரருக்குப் பயம். நடுவில் நான் வேறு போய் நிற்கிறேன்.

எங்கள் துறையில் என் வழிகாட்டியான மேடத்துக்குக் கோபமே வராது. அதுதான் இன்னும் கஷ்டம். கம்ப்யூட்டரில் நான் ஏற்றியிருந்ததை மேலிருந்து கீழே பார்த்தார். எல்லா வரியிலும் "சொந்த சாகுபடி". டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர்சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். "முதல்ல சாப்பிடு. தலைப்பை மாத்துறதா, ஊரை மாத்துறதான்னு அப்புறம் பாக்கலாம்."

வடித்துப் போடுகிற புத்தகம்

ஊரை மாற்றினேன். குடவாசல் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்த செல்வி என்கிற அக்காவைப் பார்த்ததும், கேள்வித்தாளைப் பையில் போட்டுவிட்டு நானும் வயலில் இறங்கிவிட்டேன். களை எது பயிர் எது என்று தெரியாமல் பயிரைப் பிடுங்கி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேச்சுவாக்கில், அறுத்த நெல்லெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். "களத்துலேயே நிலத்துக்காரங்க மூட்டை போயிடும், மிச்சம் நமக்கு. வீட்டுக்காரரு திருப்பூருக்கு வேலைக்குப் போனதுலேர்ந்து நான்தான் பயிர் வைக்கிறேன்" என்றார். அப்பாடா, கிடைத்துவிட்டார் ஒரு குத்தகைக்காரர்!

இதை ஆராய்ச்சியில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதுதான் தாமதம், அக்காவின் முகம் செத்துவிட்டது. பேர் வராதுக்கா, வெறும் நம்பர்தான் போடுவோம் என்று எங்கள் துறை வழக்கத்தைப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நம்பர் போட்டா தெரியாதா? இந்த வாய்க்கா ஓரத்துல தனியா பயிர் வைக்கிற பொம்பள நான் ஒருத்திதான். நிலத்தைப் புடுங்கிட்டாங்கன்னா எம் புள்ளைங்களுக்கு உன் புத்தகத்தையா வடிச்சுப் போடுவேன்?"

மழைக்குப் பிறகு

அக்கா சொன்ன அத்தனையையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டேன். "உன் ஆராய்ச்சிக்கு உயிரே அவங்கதான்" என்று பெருமூச்சு விட்ட மேடமே, "எடுத்துடு" என்றும் சொன்னார். நல்லவேளை, களையெடுப்புப் பேச்சில் வேறு சிலர் வாய் திறந்தார்கள்; அவர்கள் எழுதிக்கொள்ளவும் சம்மதித்தார்கள். ஆராய்ச்சி பிழைத்துக்கொண்டது.

பிறகு அறுவடை நேரத்தில் பெருமழை வந்தது. அக்கா வைத்த பயிர் கதிரோடு தண்ணீரில் படுத்துவிட்டது. நிவாரணம் பட்டாக்காரர் பெயருக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அன்று அக்கா போன் செய்தார். "அன்னிக்கு நான் சொன்னதை அழிச்சிட்டியாம்மா?" "ஒரு எழுத்து இல்லக்கா, பயப்படாதீங்க" என்றேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: "நல்லதும்மா. ஆனாலும் இந்தப் பயிரை வச்சது நான்தான்னு எங்கயாச்சும் ஒரு இடத்துல இருந்திருக்கலாம்."

யாருக்காக இந்த ஆராய்ச்சியைச் செய்தேனோ அவரை இதில் சேர்க்காமல் விட்டதுதான் நான் அவருக்குச் செய்த ஒரே உபகாரம். அதற்கு எனக்கு டாக்டர் பட்டம் கொடுக்கப் போகிறார்களாம்.