நாலாம் நாள் தட்டு

மாலை நான்கு பத்துக்கு வந்த பேருந்தில் என் மகள் இல்லை. அவளுக்குப் பதினொரு வயது. பேருந்து கடந்து வந்ததும் பள்ளிக்குப் போகும் வழியில் ஓடை பொங்கி ஓடியது. தேடிப் போகவும் முடியவில்லை. அடுக்களையில் கவிழ்த்திருந்த அவள் தட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்தத் தட்டைக் கழுவி வைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது மலை ஆஸ்பத்திரியில் சேவை செய்ய வந்த வெளிநாட்டு நர்ஸ். வெயிலில் சிவந்த முகம். பள்ளிக்கு அருகே, தேவாலய உபதேசியார் வீட்டில் தங்கியிருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்ட அன்றும் தன் தட்டைத் தானே கழுவினார். நான் தடுத்தேன். இங்கே வந்து கற்ற எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்:

“வுடுங்க. மூணு நாளு விருந்தாளியா இருந்து ஊரு நெனப்புல அழுதேன். நாலாம் நாளு உபதேசியார் வூட்டம்மா, ‘உன் தட்ட நீயே கழுவு’ன்னாங்க. அப்பறம் அழல.”

வெள்ளம் வடிந்து, ஆறரைக்கு அவர்தான் வந்தார், என் மகளின் கையைப் பிடித்தபடி.

“பஸ்ஸ வுட்டுட்டு அழுதுகிட்டு நின்னா. நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டேன். தட்டு அவதான் கழுவுனா.”