பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் வாசித்த செய்தி

போன வாரம் எங்கள் அலுவலக லிஃப்ட்டில் யாரோ மதியச் சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டு போயிருக்கிறார்கள். ஆள் இறங்கிவிட்டார், வாசனை இறங்கவில்லை. கூட நின்றவர்கள் கைக்குட்டையைத் தேட, நான் மட்டும் என் மாடியைத் தாண்டி மேலே போய், கீழே வந்து, இன்னொரு தடவையும் மேலே போனேன். செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். ஒன்றும் ஆகவில்லை. என் பழைய ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டுக்குப் போய் வந்தேன், அவ்வளவுதான்.

அப்போது நான் இதழியல் மாணவி. விம்கோ நகரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து பஸ்ஸில் கல்லூரி. அடுத்த நிறுத்தமான திருவொற்றியூரில் என் வகுப்புத் தோழி பிலோமினா ஏறுவாள். அதுவரை என் தமிழ் வெறும் தமிழ்தான். அதற்கு ஒரு வடசென்னை முகவரி உண்டு என்று கல்லூரியில்தான் தெரிந்தது. குரல் பயிற்சி வகுப்பில் நாலு வரி படித்ததுமே பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ காசிமேடாம்மா?"

"இல்ல சார், விம்கோ நகர்."

"எனக்கு வித்தியாசம் தெரியல."

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். செமஸ்டர் கடைசியில் செய்தி வாசிப்புத் தேர்வு. அதில் தேறினால்தான் தொலைக்காட்சிப் பிரிவு. தேறாதவர்களை விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கோ டிவியில் வந்தே ஆகவேண்டும் என்ற வெறி.

அதனால் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, மழை, விழா, வழித்தடம் என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். எதிர் இருக்கையில் எண்ணூரிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வரும் அஞ்சலையக்கா. ஒருநாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாம்மா, டெய்லி பொலம்பிகினே வர்ற? பரீச்சையா, பேயா?"

"நியூஸ் படிக்கப் பழகுறேன்க்கா."

"அத்த சத்தமாத்தான் படியேன். நாங்களும் கேட்டுகினு வர்றோம்."

படித்தேன். 'நிதிநிலை அறிக்கையின் மீதான விவாதத்தில்' என்று தொடங்கியதும் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண் கொட்டாவி விட்டாள். "அய்ய, கோர்ட்டு நோட்டீஸ் மாரி கீது," என்றார் அஞ்சலையக்கா. "கடலுக்குப் போலாமா கூடாதா, அத்த மொதல்ல சொல்லு." மறுநாள் வானிலையை முதலில் வைத்தேன். கொட்டாவி குறையக் குறைய எனக்குத் தலைகால் புரியவில்லை. பிலோமினா தண்ணீர் பாட்டிலை மைக்காக நீட்டுவாள். தண்டையார்பேட்டையில் ஏறுகிறவர்கள் "தலைப்புச் செய்தி முட்ச்சிட்டியா?" என்று கேட்டபடியே ஏறுவார்கள். நடுவில் அஞ்சலையக்கா "நெத்திலி, நெத்திலி" என்று ஒரு கூவல் கூவுவார். அது விளம்பர இடைவேளை.

தேர்வு நாளன்று, சென்ட்ரலுக்கு முந்தைய நிலையமான பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் வண்டி நின்றது. நின்றது என்றால் அப்படியொரு நிற்றல். மின்விசிறியும் நின்றுபோனது. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அழுதா வண்டி நவுருமா? இங்கியே படி. அந்தப் பொண்ணு போன்ல புடிக்கட்டும்," என்றார் அஞ்சலையக்கா.

பிலோமினா இருக்கை மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தாள். 'பேசின் பிரிட்ஜ் நிலையத்துக்கு முன்பாக மின்சார ரயில் ஒன்று' என்று பரீட்சைத் தமிழில் தொடங்கி, பயணியின் கருத்தைக் கேட்பதாகப் பாட்டிலை அஞ்சலையக்காவிடம் நீட்டினேன்.

"ஃபேன் ஓடல, வண்டி ஓடல. கருவாடு காஞ்சா காசு. நாங்க காஞ்சா எவன் கேப்பான்?"

பெட்டியே அதிர்ந்தது. அப்புறம் ஆளாளுக்குப் பாட்டிலைப் பிடுங்கினார்கள். என் பரீட்சைத் தமிழ் எந்த ஜன்னல் வழியாகப் போனதோ, நான் எனக்குத் தெரிந்தபடி பேசிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர, நான் பின்பக்கமாகப் போய்க் கருவாட்டுக் கூடைக்குள் உட்கார்ந்தேன். வாய் மட்டும் நிற்கவில்லை. "வண்டி நகரத் தொடங்கிவிட்டது. பெண்கள் பெட்டியிலிருந்து..." என்று சொல்லி என் பெயரையும் சொல்லி முடித்தேன். பின்னணியில் ஒரு குரல்: "எந்திரிம்மா, நெத்திலி நொறுங்குது!"

கல்லூரியில் தேர்வு முடிந்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடி வீடியோவைத் திரையில் போட வைத்தோம். வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை போடு," என்றார். இரண்டாம் தடவை அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

"ழகரம் ரெண்டு எடத்துல போச்சு," என்றார். "ஆனா வுழுந்தும் வாக்கியத்த முடிச்ச பாரு. பாஸ். மொதல்ல அந்த ஜன்னலைத் திற, உன் மேல கருவாட்டு வாடை அடிக்குது."

முதல் வேலைக்கான நேர்காணலிலும் அதே வீடியோதான். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கை ஆடாம எடுத்தது யாரு?" பிலோமினா எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தாள் என்றால் நம்புவீர்களா? இருவருமாகச் செய்திக்காக வெள்ளத்தில் நின்றோம், காட்டுப்பள்ளித் துறைமுகத்து வாசலில் வெயிலில் காய்ந்தோம். காமெரா ஓடும்போது எனக்கு எதிரே எப்போதும் அந்த ரயில் பெட்டிதான்.

இந்த ஞாயிறு அந்த ரயிலில் போய்ப் பார்த்தேன். கூடைகள் இல்லை. நிலையத்தில் விசாரித்தேன். அஞ்சலையக்காவுக்கு முட்டிவலியாம், படியேற முடிவதில்லை. சரக்கு மகனின் லோடு ஆட்டோவில் போகிறதாம். பூக்காரப் பெண்ணைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. பெட்டியில் எல்லோர் காதிலும் ஒரு இயர்போன். எதிரே ஒரு கல்லூரிப் பெண் போன் திரையைத் தள்ளிக்கொண்டே வந்தாள். திடீரென்று அதில் நான்! நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் நான் வாயைத் திறந்தேன்; அவள் விரலால் என்னை மேலே தள்ளினாள்; ஒரு பூனை வந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டே சிரித்தேன். பெட்டியில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.