ஆற்றில் நனைத்த கை

சிப்பியைத் தொடுமுன் தூரிட் இரண்டு கைகளையும் ஆற்றுக்குள் விட்டு, விரல்கள் சிவந்து மரத்துப்போகும்வரை வைத்திருப்பாள். "சூட்டுக் கையோட தொட்டா அது பாவம், பதறிப்போயிடும். உன்னை யாராவது கொதிக்கிற கையால புடிச்சா சும்மா இருப்பியா?" என்று என்னைக் கேட்டிருக்கிறாள். ஜூன் மாதத்திலும் எங்கள் ஆறு பனி உருகிய தண்ணீர்தான்.

காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மற்ற நேரமெல்லாம் சிப்பிப் பண்ணை. பிறந்த சிப்பிகள் டிரௌட் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு ஒரு குளிர்காலத்தைக் கழித்தால்தான் பிழைக்கும். அதனால் மீன்களுக்கும் ராஜ உபசாரம். "நல்லா சாப்பிடுங்கடி, சுமக்கிற உடம்பு" என்று தொட்டிக்குள் குனிந்து சொல்வாள். பெற்ற பிள்ளைகளை அவள் இப்படிக் கொஞ்சியதில்லை என்று கணவர் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு.

ஆற்றில் கிழட்டுச் சிப்பிகள்தான் மிச்சம்; இப்போதெல்லாம் அங்கே குஞ்சுகள் தாமாகப் பிழைப்பதில்லை. போன இலையுதிர்காலத்தில், ஆண்டுக்கணக்கில் வளர்த்த குஞ்சுகளை அவள் அதில் விட்டாள். அடுத்த வாரமே, மேல்கரையில் மாடு வளர்க்கும் அஸ்பியோர்ன் வாய்க்கால் வெட்டப்போக, கரை சரிந்து சேறு இறங்கியது. சேறு மூடினால் குஞ்சுகள் மூச்சுமுட்டிச் சாகும். தூரிட் சண்டை போடவில்லை. குளிர்காலம் முழுக்க அவனிடம் பேசவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு கடை உள்ள எங்கள் நார்வேக் கிராமத்தில் அது லேசான தண்டனை அல்ல.

நேற்று, பனி உருகி வந்த வெள்ளம் வடிந்திருந்தது. அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அமுக்கி, அதற்குள் முகத்தைப் புதைத்தபடி தூரிட் கரையோரமாக நடந்தாள். சல்லடை பிடிக்க நான் போயிருந்தேன். அஸ்பியோர்ன் கூப்பிடாமலே வந்து நின்றான்.

"ஒண்ணும் கண்ணுல படல" என்றாள் என்னிடம்.

"எல்லாம் போச்சா?" என்றான் அவன்.

"வாயை மூடு. உசிரோட இருந்தா மேல ஏன் கெடக்கப்போவுது? கல்லுக்கடியில புதைஞ்சிருக்கும். செத்திருந்தா வெறும் ஓடு கெடக்கணும்ல."

இத்தனை மாதம் கழித்து அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கூழாங்கற்களைக் கிளறி அள்ளிச் சல்லடையில் அலசினாள். விரல்நகம் அளவில் கறுப்பாக ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று. வெளியே நாக்குபோல் நீட்டியிருந்த வெள்ளைக் கால் மெல்ல உள்ளே போய் ஓடு மூடிக்கொண்டது.

"இருக்கு" என்றாள் தூரிட், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உன் சேத்தையும் தாங்கிக்கிட்டு இருக்கு, இந்த அழுத்தக்காரக் கழுதை."

அஸ்பியோர்ன் கையுறையைக் கழற்றினான். கரையில் மண்டியிட்டு, வலது கையை ஆற்றுக்குள் விட்டு, நன்றாகச் சிவக்கும்வரை வைத்திருந்து அவள் முன் நீட்டினான்.

தூரிட் அந்த உள்ளங்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதில் சிப்பியை வைத்தாள்.