இருபத்தேழாவது நகர்வு

என் மேசைமேல் இருக்கும் தாளின் மூலையில் 16-11-97, ஞாயிறு, ஏழாம் சுற்று, பலகை 3 என்று அண்ணனின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. சதுரங்கப் போட்டியில் ஆடுகிறவர் ஒவ்வொரு நகர்வையும் குறித்துக்கொள்ளும் அச்சடித்த தாள். இது அதன் கார்பன் நகல், மஞ்சள் நிறம். இருபத்தேழாவது வரியில், குதிரையால் எதிரியின் ராஜாவுக்கு அருகில் நிற்கும் சிப்பாயை வெட்டும் நகர்வு எழுதப்பட்டு, ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நெருக்கி வேறொரு நகர்வு. அதே குதிரை, வந்த வழியே பின்வாங்குகிறது. அதற்குக் கீழே வரிகள் வெறுமையாக இருக்கின்றன. 'டிரா' என்று எழுதி இருவர் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

2006-ல் அப்பா ஓய்வுபெற்று, புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு குவார்ட்டர்ஸைக் காலிசெய்தபோது, ஒரு தகரப் பெட்டியின் அடியில் இது கிடைத்தது. அண்ணனிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மின்கட்டண ரசீதைத் திருப்பித் தருவதுபோலத் திருப்பித் தந்தான்.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நகர்வை முதலில் தாளில் எழுதி, பேனாவைக் கீழே வைத்து, பலகையை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பிறகு காயைத் தொட வேண்டும் என்றுதான் அப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவசரத்தில் கை முந்திக்கொள்ளாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. பிற்பாடு விதியை மாற்றி அதைத் தடுத்துவிட்டார்கள். பழைய வழக்கத்தில் ஒரு சங்கடமும் இருந்தது. ஆடுகிறவன் மனதில் இருப்பதை, அவன் ஆடுவதற்கு முன்பே, அவன் தோளுக்குப் பின்னால் நிற்பவர் படித்துவிடலாம்.

1997-ல் அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. எனக்கு ஒன்பது வயது. அப்பா ராணுவ டெப்போவில் குமாஸ்தா. திருநெல்வேலியிலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் பேச்சில் ஊர் குறையாதவர். மாவட்டத் தேர்வுப் போட்டி அறிவிப்பு வந்த அன்று அண்ணனைக் கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னார்.

"ஏல, மொத நாலு பேருக்குள்ள வந்தா மாநிலத்துக்குப் போவலாம். வந்துட்டன்னா இன்னும் ஒரு வருசம் ஆடு, புனேல நல்ல கோச்சு கிட்டயே சேத்துவிடுதேன். வரலன்னா போர்டைப் பரண்ல போட்டுட்டு பத்தாங்கிளாஸ் டியூஷனுக்குப் போவணும். சம்மதமா?"

"டீக் ஹை" என்றான் அண்ணன்.

"வீட்டுக்குள்ளயாவது தமிழ்ல சம்மதிச்சா என்னல?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அண்ணனுக்கு அது விளையாட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை, தெருவில் கிரிக்கெட்டுக்கு ஆள் குறைந்தால் மட்டும் கூப்பிடுவார்கள். அறுபத்துநாலு கட்டத்தின் முன்னால் மட்டும்தான் அவன் யாரோ ஒருவன். அதை இழந்தால் வேறு என்ன மிச்சம் என்று அவனுக்கே தெரியாது.

அந்த ஆண்டு நான் அவனோடு போன போட்டிகள் இரண்டு. முதலாவது மே மாதம், இரண்டாவது இது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது வீடு அமைதியாக இருக்கட்டும் என்று அம்மா என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவாள். தேஹு ரோட்டில் லோக்கல் ரயில் பிடித்து சிவாஜிநகரில் இறங்கி, கல்கட்டடப் பள்ளி ஒன்றின் மண்டபத்துக்கு நடப்போம். டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் என் பொறுப்பு.

மே மாதப் போட்டியில்தான் அவரை முதலில் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கலாம். எல்லாரும் காகா என்றார்கள். மராட்டியில் சித்தப்பா. பையன்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. "நம்ம வீட்டுக் காக்கா சோறு வெச்சாத்தான் வரும், இவரு வெறும் வயித்தோட வந்து நிக்காரு" என்று அண்ணன் சொல்ல, நான் சிரித்ததில் ஒரு நடுவர் என்னை வெளியே அனுப்பினார்.

காகா ஆட வருவதில்லை, நிற்க வருவார். வாசலிலேயே செருப்பை விட்டுவிடுவதால் நடக்கும் சத்தம் கேட்காது. பலகைகளுக்கு இடையே போய் ஒரு பையனின் பின்னால் நின்றுகொள்வார். கைகள் இரண்டும் முதுகுப்பக்கம் இருக்கும். பிணைத்துக்கொண்டிருக்க மாட்டார். இடது கை வலது கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கும், ஓடிப்போகப் பார்க்கும் குழந்தையைப் பிடித்திருப்பதுபோல.

ஒரு காலத்தில் அவரை ஜெயிக்க அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று அண்ணன் சொன்னான். பிற்பாடு பெரிய பட்டம் வாங்கிய சிலரை அவர்கள் பிள்ளைகளாக இருந்தபோது வரிசையாகத் தோற்கடித்திருக்கிறார். ஆனால் அவர் எங்கும் போய்ச் சேரவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு, ஜெயிக்கும் நிலை வந்ததும் டிரா கேட்டுவிடுவாராம். மே மாதம் அண்ணன் துணிந்து போய் அவரிடமே காரணம் கேட்டுவிட்டான். திரும்பும் ரயிலில் என்னிடம் சொன்னான்.

"எல்லாம் தெரியுமாம்ட்டி. எந்தக் காய் எங்க போவணும், பத்து நகர்வு கழிச்சு என்ன ஆவும், எல்லாம் கண்ணு முன்னால நிக்குமாம். ஆனா கை போவாதாம்."

"ஏன் போவாது?"

"அதை அவருட்டயே கேட்டேன். என் கையையே பாத்துட்டு நின்னாரு."

நவம்பர் போட்டிக்கு வருகிறேன். ஞாயிறு காலை ஆறாம் சுற்று முடிந்தபோது அண்ணனுக்கு ஐந்து புள்ளிகள். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் முதல் நால்வரில் நிச்சயம். டிரா என்றால் மற்றவர்களின் முடிவைப் பொறுத்தது. அன்று எங்களோடு வந்திருந்த அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். வராந்தாப் படியில் உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்தோம். காலை முழுவதும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் சேகரித்த செய்தி ஒன்று என்னிடம் இருந்தது. நல்ல செய்தி என்பதால் பத்திரமாக வைத்திருந்தேன்.

"அண்ணே, அந்தக் காகா காலையில பூரா உன் பின்னாடியே நின்னாரு, பாத்தியா?"

"எந்தக் காகா?"

"அவருதான், கையைப் புடிச்சிட்டு நிப்பாருல்லா. நீ எழுதி முடிச்சதும் குனிஞ்சு படிக்காரு. படிச்சிட்டுத் தலையாட்டுதாரு."

"வேற யாரு பின்னாலயாவது போனாரா?"

"இல்லவே இல்ல. உன்கிட்ட மட்டுந்தான்" என்றேன், ஏதோ பரிசை நானே வாங்கிக்கொடுத்ததுபோல.

அண்ணன் டப்பாவை மூடினான்.

"சாப்பிடல?"

"பசிக்கலட்டி."

ஆட வருகிற பையன்களிடையே ஒரு பேச்சு இருந்தது. எனக்கு அது அப்போது தெரியாது. சில ஆண்டுகள் கழித்து வேறொருவன் சொல்லித் தெரிந்தது. காகா யார் பின்னால் நாள் முழுக்க நிற்கிறாரோ, அவன் அதோடு நின்றுவிடுவான். தோற்றுப்போக மாட்டான், நன்றாகத்தான் ஆடுவான். ஆனால் அதற்கு மேல் ஒரு படிகூட ஏற மாட்டான். அவர்களிடம் பெயர்ப்பட்டியல்கூட இருந்தது. காகா பின்னால் வந்து நின்றதும் வயிற்றுவலி என்று சொல்லி எழுந்து போன பையன்கள் உண்டாம்.

மதியம் இரண்டு மணிக்குக் கடைசிச் சுற்று தொடங்கியது. நான் மறுபடி ஜன்னலுக்குப் போனேன். அண்ணனின் முகம் எனக்கு நேராக இருந்தது. அவனுக்கு எதிரில் பிம்ப்ரியிலிருந்து வந்திருந்த, குரங்குக்குல்லா போட்ட ஒரு பையன், முதுகைக் காட்டிக்கொண்டு. மண்டபத்தில் பேச்சே கிடையாது. எல்லாப் பலகைகளிலும் கடிகாரங்கள் ஒன்றோடொன்று சேராமல் ஓடுவது மட்டும் கேட்டது. அதை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தால், கூரைக்கு மேல் ஏதோ ஊர்வதுபோல இருக்கும்.

அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் காகா நின்றார்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். பிம்ப்ரிப் பையன் தலையில் கைவைத்துக் குனிந்துவிட்டான். அண்ணன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் நான் வீட்டில் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. பேனாவை எடுத்து எழுதினான், கீழே வைத்தான். காகா குனிந்தார். படித்தார். இந்த முறை தலையாட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், சாப்பாட்டுக்கு நெடுநேரம் காத்திருந்தவர் இலை போட்டதும் மூடுவதுபோல.

அண்ணனின் வலது கை பலகைக்கு மேல் போனது. குதிரையின் தலைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அதை அளக்க என்னிடம் எதுவும் இல்லை. பிறகு அவனுடைய இடது கை மெதுவாக எழுந்து வந்து, வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கியது.

பேனாவை எடுத்தான். ஒரே கோடு. பக்கத்தில் எழுதினான். குதிரையைப் பின்னுக்கு வைத்துவிட்டு டிரா கேட்டான்.

பிம்ப்ரிப் பையன் குல்லாவைக் கழற்றிவிட்டு, நம்பாமல், அவசரமாகக் கை கொடுத்தான். வெளியே வந்ததும் அண்ணனைத் துரத்திப் பிடித்து இந்தியில் கேட்டான். ஏன் வெட்டவில்லை, நான் தோற்றேன் என்று எழுந்திருக்கத் தயாராக இருந்தேனே என்றான். ஒரு சின்னப் பையன்கூடப் பார்த்திருப்பான் என்றான்.

"பார்த்தேன்" என்று மட்டும் சொன்னான் அண்ணன்.

மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். அரைப் புள்ளி வித்தியாசத்தில் ஐந்தாமிடம். சிவாஜிநகர் நடைமேடையில் லோக்கலுக்காக நின்றபோது அண்ணன் இரு கைகளையும் முதுகுப்பக்கம் வைத்திருந்தான். நான் பின்னால் போய்ப் பார்த்தேன், பிறகு முன்னால் வந்துவிட்டேன். ரயில் ஆக்குர்டியைத் தாண்டியதும் அப்பா அண்ணன் பக்கம் திரும்பினார். பிறகு, "டியூஷன் வாத்தியாருட்ட நாளைக்குப் பேசுதேன். நீ சாப்பிட்டியால?" என்றார். அப்பா அவ்வளவு மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

போர்டு பரணுக்குப் போனது. அண்ணன் நன்றாகப் படித்தான். இன்று மென்பொருள் வேலையில் இருக்கிறான், குறையொன்றும் இல்லை.

மிகச் சிலர் மட்டும் ஏன் இந்த ஆட்டத்தின் உச்சிக்குப் போகிறார்கள் என்பதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். தாமதமாகத் தொடங்குவது, நல்ல ஆசிரியர் அமையாதது, நினைவாற்றல், வீட்டு வசதி, தோல்வியைத் தாங்கும் மனம் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கண் பார்த்த இடத்துக்குக் கை போகாததைப் பற்றி மட்டும் ஒருவரும் திருப்தியாக எழுதவில்லை. அங்கேதான் பெரும்பாலோர் நின்றுபோகிறார்கள் என்பது என் எண்ணம். எண்ணம்தான், நிரூபணம் இல்லை.

தாள் கிடைத்த அன்று அண்ணனிடம் கேட்டேன். "அன்னைக்கு அவரு உன் பின்னாடி நின்னது உனக்கே தெரிஞ்சுதா?"

"நான் திரும்பியே பாக்கல."

"அப்ப எப்படி?"

"நீதானட்டி சொன்ன" என்றான். குற்றம்சாட்டும் குரல் இல்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

2007 பிப்ரவரியில், அந்தப் போட்டியை நடத்தியவரின் முகவரியைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. காகா 1997 மழைக்காலத்திலேயே வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, நாசிக்கில் தங்கை வீட்டோடு போய்விட்டதாகவும், அதன்பின் புனேயில் எந்தப் போட்டிக்கும் வந்ததாகத் தனக்கு நினைவில்லை என்றும் எழுதியிருந்தார். தனக்கு வயதாகிவிட்டது, ஆண்டு ஒன்று முன்பின்னாக இருக்கலாம் என்றும் சேர்த்திருந்தார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் பதிவேடு வைத்ததில்லை.

என் நினைவில் காகா சாம்பல் நிற ஸ்வெட்டர் அணிந்து நிற்கிறார். மே மாதம் புனேயில் யாரும் ஸ்வெட்டர் போடுவதில்லை. அவர் நவம்பரில் வந்தார் என்பதற்கு இதை நான் ஒரு சான்றாக வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிம்ப்ரிப் பையனைக் கண்டுபிடித்துக் கேட்டபோது, அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது, ஆள் நிற்க இடமே இல்லை என்றான். அவனும் எல்லாவற்றையும் சரியாக நினைவில் வைத்திருப்பான் என்று சொல்ல முடியாது. அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள், அளந்து பார்க்கவும் வழியில்லை.

ஆக, அன்று காகாவைப் பார்த்ததாகச் சொல்ல என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நான் அதை ஒருவரிடம்தான் சொன்னேன், சந்தோஷமாகச் சொன்னேன். 1997 நவம்பர் 16 அன்று அவர் அங்கே இருந்தாரா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.