மூன்றும் ஒத்துப்போயின

பூங்காவனத்தின் கட்டைவிரலில் ரேகை இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காகத் தோலுக்குப் பசை தடவி, வழிந்ததைத் தின்னரால் துடைத்துத் துடைத்து வழவழவென்று ஆகிவிட்டது. பக்கத்து மேஜையில் அதே வேலை பார்க்கும் எனக்கும் பாதிதான் மிச்சம். இந்த லட்சணத்தில் வாசலில் விரல் வைக்கும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள், புண்ணியவான்கள்!

மெஷின் அவளை ஏற்கவே இல்லை. சூப்பர்வைசர் செந்தில்குமார் சம்பளக் கம்ப்யூட்டரில் மட்டும் அவளுக்குக் கையாலேயே வருகை போட்டுவந்தார்.

"சம்பளம் வருதில்ல? அப்புறம் இன்னா பேஜாரு?" என்றார். நாங்களும் விட்டுவிட்டோம்.

அவள் மகள் கலையரசிக்கு இதயத்தில் ஓட்டை. இ.எஸ்.ஐ. மூலம் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனால், கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க வேலையை விட்டுட்டதா உங்க கம்பெனியிலருந்து வந்திருக்கேம்மா," என்றாள். கம்பெனியின் இன்சூரன்ஸ் கம்ப்யூட்டருக்கு ஆள் கணக்கு வாசல் மெஷினிலிருந்துதான் போகுமாம்.

"குத்துக்கல்லாட்டம் வேலை செஞ்சிகினு இருக்கேன், போய்ட்டேன்னு சொல்றாங்களே ஜாஸ்மின்!" என்று என்னிடம் அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பார்க்கும் ஆல்வினிடம் போனேன்.

"கவலைப்படாதீங்கக்கா. மூணு சிஸ்டமும் ஒரே மாதிரி இருக்கணும். நாளைக்கே சரியாய்டும்," என்றான். தங்கமான பிள்ளை என்று நானே சொன்னேன், என் வாயில் மண்ணைப் போட.

மறுநாள் நானும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போதே அவள் போனில் மெசேஜ் வந்தது: 'உங்கள் தகவல் முரண்பாடு சரிசெய்யப்பட்டது. நன்றி.' பூங்காவனம் மகளுக்கு முத்தம் கொடுத்தாள்.

கவுண்டர் பெண் பார்த்துவிட்டு, "மாறவே இல்லையேம்மா," என்றாள்.

ஆல்வினுக்குப் போன் போட்டேன்.

"வாசல் மெஷின், இன்சூரன்ஸ் ரெண்டும் ஆள் இல்லேன்னு சொல்லிச்சு, சம்பளம் ஒண்ணுதான் இருக்காங்கன்னு சொல்லிச்சு. மூணையும் ஒத்துப்பாக்கற சாஃப்ட்வேர், ரெண்டு சொல்றதைத்தான் எடுக்கும்க்கா. சம்பளத்துலருந்தும் எடுத்துடுச்சு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. இருந்த வேலையும் போயிற்று. அடப்பாவிகளா, ஆளைப் பார்க்க உங்களுக்குக் கண் இல்லையா?

"இப்ப இன்னாதான்டா பண்றது?" என்று கத்தினேன். பூங்காவனம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் கஷ்டமில்லக்கா," என்றான் அவன். "புதுசா சேர்ந்துக்கச் சொல்லுங்க. வாசல் மெஷின்ல வந்து கட்டைவிரலை வச்சாப் போதும்."