முழங்கை வளைவில் விபத்தே நடந்ததில்லை

கிளென் டாவர் பள்ளத்தாக்கில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு என்பது வில்மா ரிடக்கின் கட்சி. பனிக்காலத்தில் காரைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கியவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை வில்மா.

இருபத்தேழு பனிக்காலமாக அவள் அந்தச் சாலையில் ஓட்டுகிறாள். ஒரு தடவைகூடச் சக்கரம் தார் விளிம்பைத் தாண்டியதில்லை. இது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். கடையில் பால் வாங்கும்போது சொல்வாள். துக்க வீட்டில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போதும் சொல்வாள். புருஷன் நார்மன் அவளை விட்டுவிட்டு அபர்டீனுக்குப் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. ஏன் போனான் என்று கேட்டால், அவன் மூன்று தடவை பள்ளத்தில் இறங்கினவன் என்பாள். அதற்கு மேல் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது போல.

அந்தச் சாலையின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். கீழே இன்வர்டாவர் டவுனில் கிளம்பிப் பதினோரு மைல் மேலே ஏறி, எங்கள் இருபது வீடுகளோடு முடிந்துபோகிறது. கவுன்சிலின் பட்டியலில் மூன்றாம் தரம். முதல் தரச் சாலைகளில் உப்பு லாரி விடிவதற்கு முன்பே, பனி உருகவும் சக்கரம் வழுக்காமலிருக்கவும், உப்பும் மணலும் தூவிவிட்டுப் போகும். இரண்டாம் தரத்தில் காலை உணவுக்குள் தூவும். மூன்றாம் தரத்துக்கு, மற்றதெல்லாம் முடிந்தபின் வசதிப்பட்டால். இத்தனை வருஷத்தில் அந்த வசதி யாருக்கும் பட்டதில்லை. கோல்ஃப் மைதானத்துக்குப் போகிற சாலை மட்டும் இரண்டாம் தரம். ஜனவரி மாதத்தில் அங்கே பந்தடிக்கிற மகராசன் யார் என்று கேட்டு வில்மா இரண்டு கடிதம் போட்டாள். கடிதம் கிடைத்தது என்று இரண்டு பதில் வந்தது.

எங்களுக்கென்று கவுன்சில் கொடுத்தது முழங்கை வளைவில் ஒரு மஞ்சள் உப்புப் பெட்டி. சாலை அங்கே மடக்கிய முழங்கை மாதிரி திரும்பும். அந்தப் பெட்டி உப்பில் பாதி அவரவர் வீட்டு வாசலுக்குப் போய்விடும். மீதியைச் சாலையில் தூவினால் செம்மறி ஆடுகள் வந்து நக்கும்.

இப்படிப்பட்ட சாலையில் வண்டிகள் பள்ளத்தில் இறங்காமல் இருக்குமா? வாரத்துக்கு இரண்டு இறங்கும். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யார் வண்டி இறங்கினாலும் வளைவுக்கு எதிரே பண்ணை வைத்திருக்கும் டூகி ஷிராஸ் கால்மணி நேரத்தில் டிராக்டரோடு வந்துவிடுவான். சங்கிலி மாட்டுவான், இழுப்பான், போய்விடுவான். போலீசைக் கூப்பிடுவதில்லை, இன்ஷூரன்சுக்கு எழுதுவதில்லை. யார் விழுந்தார்கள் என்று டூகி வெளியே சொல்வதும் இல்லை. ஜனவரி முதல் தேதி, வருஷப் பிறப்புக்கு அவன் வீட்டு வாசலில் ஒரு பாட்டில் விஸ்கி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். சிலர் இரண்டு பாட்டில் வைப்பார்கள், அதிலிருந்தே எத்தனை தடவை விழுந்தார்கள் என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

வில்மா மட்டும் ஒரு பாட்டிலும் வைத்ததில்லை.

அவள் வேலை வீட்டுப் பராமரிப்பு. இன்வர்டாவரில் இருக்கும் பராமரிப்பு அலுவலகம் சம்பளம் கொடுக்கிறது. தினமும் காலையில் மேல் பள்ளத்தாக்கில் நான்கு வீடு. எழ முடியாதவர்களை எழுப்பி, கழுவி, உடுத்தி, மாத்திரை கொடுத்து, ஓட்ஸ் கஞ்சி வைத்துவிட்டு வருவாள். கடைசி வீடு ஆர்ச்சி கெடஸ். எண்பத்தொன்பது வயது. காட்டிலாகாவில் மரம் வெட்டினவர். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் பேச்சைக் கேட்பதில்லை. வில்மா போய்த் தூக்கி உட்கார வைக்கும்வரை படுக்கைதான். மற்ற மூன்று பேருக்கும் கூட இருக்க மகனோ மகளோ உண்டு. ஆர்ச்சிக்கு யாருமில்லை. அவருக்கு வில்மாதான், வில்மாவுக்கும் மனது விட்டுப் பேச அவர் ஒருத்தர்தான். மற்றவர்களிடம் அவள் பேசுவதற்குப் பேச்சு என்று பெயரில்லை.

ஒரு பிப்ரவரியில் இரண்டு நாள் அலுவலகம் அவளைத் தடுத்துவிட்டது. பனி எச்சரிக்கை இருக்கிறது, மூன்றாம் தரச் சாலையில் போகக்கூடாது, மீறினால் வேலை இல்லை. இரண்டு நாளும் மத்தியானம்வரை ஆர்ச்சி ஈரப் படுக்கையில் கிடந்தார். பிறகு வில்மா வேலை போனால் போகட்டும் என்று கிளம்பிவிட்டாள். அது அலுவலகத்துக்குத் தெரிந்துபோய், அடுத்த குளிர்காலத்துக்கு ஒரு முடிவு செய்தார்கள். சாலை இரண்டாம் தரத்துக்கு ஏறினால் சரி. இல்லாவிட்டால் துணையில்லாதவர்களை டிசம்பர் முதல் மார்ச்வரை இன்வர்டாவர் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவது. துணையில்லாதவர்கள் என்றால் ஒரே ஒருவர்.

அங்கே போனவர்கள் மார்ச்சில் திரும்புவது வழக்கமில்லை என்பது ஆர்ச்சிக்கும் தெரியும், வில்மாவுக்கும் தெரியும்.

ஊரே கையெழுத்துப் போட்டு மனு அனுப்பியது. நவம்பரில் கவுன்சிலிலிருந்து விசாரிக்க ஓர் ஆள் வந்தான். வழுக்கலுக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத மெல்லிய தோல் ஷூ, முழங்கால்வரை கோட்டு, கையில் குறிப்பெழுத ஓர் அட்டை. நடக்கிற வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்து வளைவில் நிறுத்தினான். வில்மா அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே ஆர்ச்சியோடு உட்கார்ந்து முடிவு செய்து வைத்திருந்தாள். சாலை மோசம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறோம், அதிகாலையில் அழுகை வருகிறது. அழுகை ஆர்ச்சியின் யோசனை.

அவனோ நல்லவன். அனுதாபத்தோடு கேட்டான்.

"உங்க வயசுல, அதுவும் ஒரு பெண்ணா, இந்த ரோட்டுல தனியா ஓட்ட ரொம்பக் கஷ்டமா இருக்குமே?"

வில்மா அவனை ஷூவிலிருந்து தலைவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"கஷ்டமா? எனக்கா?" என்றாள். "தம்பி, இருபத்தேழு வருஷமா ஓட்டுறேன். ஒரு தடவை விழுந்ததில்லை. ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் ரோடு கஷ்டம்."

அவன் அட்டையில் எழுதிக்கொண்டான். நன்றி சொன்னான். அவன் கார் முதல் கியரில் ஊர்ந்து மறைந்த பிறகுதான் முந்தின நாள் பேசி வைத்தது வில்மாவுக்கு ஞாபகம் வந்தது. வாய்க்கொழுப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்காக ஓடிப்போய் அவனை நிறுத்தினாளா? இல்லை. ஓடியிருக்கலாம், அவன் வேகத்துக்கு நடந்தே பிடித்திருக்கலாம்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. பத்து வருஷத்தில் இந்தச் சாலையில் ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை. தினசரி உபயோகிப்பாளர் ஒருவரும் நீண்டகாலக் குடியிருப்பாளர் ஒருவரும் எந்தச் சிரமமும் இல்லை என்று தெரிவித்துள்ளனர். ஆகவே மூன்றாம் தரமே தொடரும். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: மாத இறுதிக்குள் போலீஸ் பதிவு செய்த விபத்து ஏதேனும் இருந்தால் மறுபரிசீலனை செய்யப்படும்.

தினசரி உபயோகிப்பாளர் யார் என்று வில்மாவுக்குத் தெரியும். அந்தக் குடியிருப்பாளர் டூகிதான் என்று அவளே தீர்மானித்து, அவனை நான்கு நாள் மனதுக்குள் வறுத்தெடுத்தாள். பிறகு பொடி எழுத்தை மறுபடி படித்தாள்.

நவம்பர் இருபத்தாறாம் தேதி காலை, ஆர்ச்சிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு இறங்கும்போது வளைவு கண்ணாடி போட்ட மாதிரி பளபளத்தது. இதைவிட நல்ல நாள் வாய்க்காது. வில்மா வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, வளைவில் பிரேக்கை மிதித்தாள். பின்பக்கம் வழுக்கியது. அவள் கை தன்னாலே ஸ்டியரிங்கைத் திருப்பி, காரைச் சாலை நடுவுக்குக் கொண்டுவந்து நேராக நிறுத்திவிட்டது. திரும்ப மேலே போய் மறுபடி வந்தாள். மறுபடியும் கை கேட்கவில்லை. மூன்றாம் தடவை வளைவு வந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பனி மூடினாலும் சாலை விளிம்பு தெரியட்டும் என்று நட்டிருந்த பனிக் கம்பம் ஒன்றைச் சாய்த்துக்கொண்டு கார் மெதுவாக, மரியாதையாகப் பள்ளத்தில் இறங்கியது.

சாய்ந்த காருக்குள் கிடந்தபடி போலீசுக்குப் போன் செய்தாள். நாற்பது நிமிஷத்தில் ஆள் வரும் என்றார்கள். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்தாவது நிமிஷம் டிராக்டர் சத்தம் கேட்டது.

அவள் கதவைத் திறக்கப் பார்த்தாள், மண் தடுத்தது. கண்ணாடியை இறக்கிக் கத்துவதற்குள் டூகி சங்கிலியை மாட்டிவிட்டான். எடுக்காதே, போலீஸ் வருகிறது, அவர்கள் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதெல்லாம் டிராக்டர் சத்தத்தில் போய்விட்டது. அவனுக்கு அவள் முகம் மட்டும் தெரிந்தது. அதை அவன் வெட்கம் என்று எடுத்துக்கொண்டான். காரை மேலே இழுத்துப் போட்டான். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி நட்டான். மண்வெட்டியால் கரையைத் தட்டிச் சரிசெய்தான். பிறகு பக்கத்தில் வந்து, அத்தனை வருஷத்தில் அவளிடம் பேசியதிலேயே மிருதுவாகப் பேசினான்.

"கவலைப்படாதே வில்மா. செத்தாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பாட்டில்கூட வேணாம், வச்சா தெரிஞ்சுடும்."

வில்மா விளக்கிச் சொல்வதற்குள் போலீஸ்காரப் பெண் வந்து இறங்கினாள். அவள் கண்ணில் பட்டது சுத்தமான சாலை, நேராக நின்ற கம்பம், கீறல் விழாத கார். நான் பள்ளத்தில் விழுந்தேன் என்று வில்மா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னாள். அதுவும் கெஞ்சிச் சொன்னாள். போலீஸ்காரப் பெண் டூகியைப் பார்த்தாள். டூகி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"வில்மா ரிடக்கா? பள்ளத்திலயா?" என்றான். "இருபத்தேழு வருஷத்துல ஒரு தடவை கிடையாதும்மா. யாரை வேணா கேளுங்க."

அந்தப் பெண் சம்பவ இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு, வில்மாவிடம் தலையில் எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டுவிட்டுப் போனாள். விசுவாசத்தில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்த விசுவாசம் யாரை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று யோசிக்கிற பழக்கம் மட்டும் எங்களுக்கு இல்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி ஆர்ச்சியை ஏற்றிப்போக வண்டி வந்தது. நோயாளி வண்டி உப்புத் தூவாத சாலையில் போகக்கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறதாம். ஆகையால் அன்று காலை ஆறு மணிக்கு, மஞ்சள் விளக்கு சுழல, உப்பு லாரி கிளென் டாவருக்கு ஏறி வந்தது. பதினோரு மைலும் தூவிக்கொண்டே வந்து ஆர்ச்சி வீட்டு வாசல்வரை தூவியது. திரும்பும்போது இன்னொரு தடவை தூவியது. ஊரே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. கவுன்சிலுக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வில்மா ஆர்ச்சியைக் கடைசியாக எழுப்பி, கழுவி, நல்ல கோட்டைப் போட்டுவிட்டாள். சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளி வந்ததும் அவர் சாலையைப் பார்த்தார். ஈரமாக, கறுப்பாக, ஒரு பொட்டுப் பனியில்லாமல் கிடந்தது.

"ரோடு இவ்ளோ நல்லா இருக்கே, வில்மா," என்றார். "அப்புறம் எதுக்கு என்னை அனுப்புறாங்க?"

அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. டூகியைத் திட்ட ஆரம்பித்தாள். கோட்டுக்காரனிடம் சிரமமே இல்லை என்று சொன்ன குடியிருப்பாளன் அவன்தான், அவன் நாக்கு அழுகிப் போகட்டும் என்றாள். ஆர்ச்சி நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டூகி இல்லம்மா," என்றார் கடைசியில். "நான்தான்."

வில்மா அவரைப் பார்த்தாள்.

"அந்தப் பையன் இங்கயும் வந்தான். கட்டில் பக்கத்துல உக்காந்துகிட்டு, பாவம் தாத்தா, இந்த இடத்துல ரொம்பக் கஷ்டப்படுறீங்களான்னு கேட்டான். பாவம்னு சொன்னான் வில்மா. எண்பத்தொம்பது பனி பார்த்தவன் நான். அவன்கிட்ட போய்க் கஷ்டம்னு சொல்வேனா?"

அவளுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. குனிந்து அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள். அது சரியாகவே போட்டிருந்தது. கழற்றி மறுபடியும் போட்டாள்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"அதேதான்."

"பின்னே," என்றார் ஆர்ச்சி. அவர் குரலில் திருப்தி இருந்தது. வில்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கோழி முட்டையிட்டதைப் போல இரண்டு பேரும் பெருமையை இட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தோம் என்று அவள் பிற்பாடு கடையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

வண்டிக் கதவை மூடுமுன் ஓட்டுநர் பையன் ஆர்ச்சியின் முழங்காலில் கம்பளியைப் போர்த்தி, வழியில் ஏதாவது சிரமமாக இருந்தால் சொல்லுங்கள் என்றான். சிரமமா, எனக்கா என்று ஆர்ச்சி கேட்டது வாசலில் நின்ற வில்மாவுக்கும் கேட்டது.

முழங்கை வளைவில் ஆடுகள் கூட்டமாக நின்று புது உப்பை நக்கிக்கொண்டிருந்தன. வண்டி ஹார்ன் அடித்து அடித்து அவற்றை விலக்கிக்கொண்டு இறங்கிப் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் உப்பு லாரி அதன்பின் எங்கள் பக்கம் வரவில்லை. மார்ச் பிறந்ததும் ஆர்ச்சி வந்துவிடுவார் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவரும் வரவில்லை.

ஆர்ச்சி போன மறுமாதம், வருஷப் பிறப்பன்று காலையில், டூகியின் வாசலில் வழக்கத்தைவிட ஒரு பாட்டில் அதிகமாக இருந்தது. யார் வைத்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டூகி மட்டும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.