அம்மாக்களுக்கு மட்டும் நடந்த வகுப்பு

பதினான்கு வயது மகளைப் பழைய சேலையால் முதுகோடு கட்டிக்கொண்டு, மரவள்ளிக் காட்டு வழியாக அந்த அம்மா நடந்து வந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் உள்ளடங்கிய ஊர். பஸ் ரோட்டுக்கு வரவே அரை மணி நேரம் ஆகும். பிள்ளைக்குப் பிறவியிலேயே இரண்டு காலும் வராது. பேச்சோ பட்டாசு. அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "டீச்சர், இன்னிக்கு எங்களுக்கு என்ன சொல்லித் தரப் போறீங்க?" என்று கேட்டாள். கலர் பென்சில் இருக்கிறது கண்ணு என்றேன்.

அப்போது நான் கொல்லிமலையில் உடல் ஊனமுள்ள பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் கூட்டி அவர்கள் உடம்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அம்மாக்களுக்கு வகுப்பு எடுத்தேன். நாப்கின் மாற்றுவது, கழுவிவிடுவது, எந்த ஆம்பளையையும் நம்பித் தனியாக விட்டுப்போகாமல் இருப்பது எல்லாம் சொன்னேன். மாதவிடாய் யாருக்கு வருகிறதோ அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடக்க முடியாத பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு எனக்கும் இருந்தது; மறைத்து என்ன பயன்.

சாப்பாட்டு நேரத்தில், முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் தன் மகளுக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டதாகவும், அதற்கப்புறம்தான் நிம்மதி என்றும் சொன்னார். மகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்த அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், நான் மொளகு பறிக்கப் போயிருவேன். ஊட்டுல புள்ள தனியாக் கெடக்குது. எவனாச்சும் நொழஞ்சா ஓடக்கூட முடியாது. அத எடுத்துட்டா வயித்துல ஒண்ணும் நிக்காதில்லீங்க?"

நுழைகிறவனை அது தடுக்காதே, நடந்தது வெளியே தெரியாமல்தானே போகும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கதவைத் திறந்து, முதலில் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் அவசரம். "டாக்டரைக் கேட்டுக்குங்க" என்றேன். அவ்வளவுதான் என் படிப்பு.

மழையில் ரோடு சரிந்து இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது பிள்ளை அடிவயிற்றில் கையை வைத்து, "கட்டி இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க டீச்சர். இனி வராதுல்ல?" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற அம்மா இரண்டு கையையும் கூப்பினார். "வராது கண்ணு" என்றேன். காலுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் தந்த காப்பியையும் குடித்துவிட்டுத்தான் இறங்கினேன். நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

அந்த அம்மா போன தை மாதம் இறந்துபோனார். கெட்டவர் இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மகள் இப்போது கையால் சுற்றும் மிஷினில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். சென்ற மாதம் போன் செய்தாள். பெண் கேட்டு வந்திருக்கிறார்களாம். "அந்த ஆபரேசனுக்கு அப்புறம் எனக்கு ஏன் டீச்சர் தீட்டே வரல? கேட்டப்பல்லாம் கட்டி எடுத்ததால நின்னுருச்சுன்னு அம்மா சொல்லிருச்சு. நேர்ல வந்து சொல்லுங்க" என்றாள்.

போனேன். எதையும் விடாமல் சொன்னேன். கர்ப்பப்பை என்றால் என்ன, எங்கே இருந்தது, எதற்கு எடுத்தார்கள், இனி எது ஆகாது, எது ஆகும் எல்லாவற்றையும் தாளில் படம் போட்டுக் காட்டினேன். எட்டு வருடம் பிந்திய வகுப்பு. அழுவாள் என்று நினைத்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குப் பயம், சரி," என்றாள் கடைசியில். "உங்களுக்கு என்னங்க டீச்சர் பயம்?"

எனக்குப் பயம் ஒன்றும் இருக்கவில்லை. அவளையும் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிட்டு எழுந்தேன். வழக்கமாக நான் கிளம்பும்போது "போயிட்டு வாங்க டீச்சர்" என்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை.